வாயைத் திறங்கள், ஆசிரியரே!

"எனக்கும் பாட்டுக்கும் ரொம்ப தூரம் சார்."

"என் குரல் கரகரன்னு இருக்கும். நான் பாடினா பிள்ளைங்க எழுந்து ஓடிடும்."

"சங்கீதம்லாம் பரம்பரையா வரணும்ங்க."

போதும்!

வட்டார வள மையத்துப் பயிற்சியில் இதே பேச்சு. ஆசிரியர் அறையில் இதே பேச்சு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சொல்கிறவர் யார்? முப்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்குகிறவர். அழுதுகொண்டே வந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தையை அரை மணி நேரத்தில் சிரிக்க வைக்கிறவர். தேர்தல் பணியோ கணக்கெடுப்போ, எதைத் தலையில் கட்டினாலும் முடித்துக் காட்டுகிறவர்.

அவருக்கு ஒரு பாட்டைக் கண்டால் பயம்!

நீங்கள் கணக்கு எடுக்கிறீர்கள். ராமானுஜனா நீங்கள்? அறிவியல் எடுக்கிறீர்கள். சர் சி.வி.ராமனா? தமிழ் எடுக்கிறீர்கள். கவிதைத் தொகுப்பு போட்டிருக்கிறீர்களா?

அப்போதெல்லாம் "எனக்கு ஞானம் போதாது" என்று ஒதுங்கினீர்களா? முந்தின நாள் ராத்திரி புத்தகத்தைப் புரட்டினீர்கள். மறுநாள் நிமிர்ந்து நின்று நடத்தினீர்கள்.

இசைக்கு மட்டும் எதற்கு வித்வான்?

இசை ஆசிரியர் ஒருவர் வருவார், அவர் பார்த்துக்கொள்வார் என்று காத்திருக்கிறீர்களா? வரமாட்டார்!

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பு வரை, 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள். கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்று ஒருவரைச் சட்டம் சொல்கிறதுதான். யாருக்கு? ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு. அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்!

உங்கள் ஈராசிரியர் பள்ளிக்கு அந்த வரியில் இடமே இல்லை.

நீங்கள் எழுதிய டெட் முதல் தாளை நினைத்துப் பாருங்கள். 150 கேள்விகள். குழந்தை வளர்ச்சி, தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல், தலா 30. இசைக்கு எத்தனை? ஒன்றுகூடக் கிடையாது.

கோபம் வருகிறதா? வரட்டும். சங்கத்தில் தீர்மானம் போடுங்கள். தொடக்கப் பள்ளிக்கும் இசை ஆசிரியர் வேண்டும் என்று உரக்கக் கேளுங்கள். கேட்க வேண்டிய கோரிக்கைதான் அது.

ஆனால் கோரிக்கை நிறைவேறும் வரை உங்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஆறு வயதிலேயே நிற்குமா?

நகரத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் பாட்டு டீச்சர் வீட்டுக்கே வருவார். சனி ஞாயிறு கீபோர்டு வகுப்பு. மார்கழியில் கச்சேரி. செங்கல் சூளைக்குப் போகிறவர் பிள்ளைக்கு? ஆடு மேய்க்கிறவர் பிள்ளைக்கு? பனியன் கம்பெனியில் இரண்டு ஷிப்டு பார்க்கிற அம்மாவின் பிள்ளைக்கு?

அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கப்போகிற ஒரே இசை ஆசிரியர் நீங்கள்தான்!

குரல் இல்லை என்கிறீர்களே, அது பொய். உங்களைப் பிடித்து வைத்திருப்பது பயம்.

அந்தப் பயம் பிறவியில் வந்ததா? நாலு வயதில் தெருவெல்லாம் கேட்கப் பாடினீர்களே, யாரிடம் அனுமதி கேட்டுப் பாடினீர்கள்?

பிறகு ஒரு நாள் வந்தது. ஆண்டு விழாப் பாட்டுக்கு வரிசையில் நிறுத்தியபோது ஒரு டீச்சர் உங்கள் காதருகே குனிந்து, "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றார். அல்லது வீட்டில் ஒரு மாமா, "போதும் நிறுத்து, தலை வலிக்குது" என்று சொல்லிச் சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அன்று மூடிய வாய்!

ஒரு மாமாவின் கேலிக்கு இத்தனை வருடம் கீழ்ப்படிந்திருக்கிறீர்கள். இன்னும் எத்தனை வருடம்?

நீங்கள் யாரிடமும் போய் "வாயை மட்டும் அசை" என்று சொல்ல வேண்டியதில்லை. தினம் தினம் பாடாமல் நிற்கிற டீச்சரைப் பார்த்தாலே போதும். வளர்ந்தவர்கள் பாட மாட்டார்கள், பாடுவது வெட்கம் என்று பிள்ளை தானே கற்றுக்கொள்ளும். நீங்கள் நடத்தாமலே நடத்தி முடிக்கிற பாடம் அது!

எதிரில் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். டி.வி. நிகழ்ச்சி நடுவர்களா அவர்கள்? உங்கள் கமகத்தை அளக்க வந்தவர்களா? டீச்சர் பாடுகிறார் என்றால் அவர்களுக்குத் திருவிழா. உங்கள் குரல் உடைந்தாலும் கைதட்டுகிற ஒரே சபை உலகத்தில் ஒன்றாம் வகுப்புதான். அந்தச் சபைக்கு முன்னால்கூடப் பாடப் பயந்தால் வேறு எங்கே துணிவீர்கள்?

"முறையாகப் படிக்காதவன் என்ன செய்துவிட முடியும்?"

ஜான் கர்வன் என்ற இங்கிலாந்துக்காரரைச் சொல்கிறேன், கேளுங்கள். தேவாலயப் போதகர். இசைப் பயிற்சி எதுவும் இல்லாதவர். 1841ஆம் ஆண்டு ஹல் நகரத்தில் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களின் மாநாடு நடந்தது. பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்க ஆக எளிய வழி எது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

எனக்குத் தெரியாது என்று அவர் நழுவினாரா? நாரிச் நகரத்தில் சாரா குளோவர் என்ற பெண்மணி பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கத் தானே ஒரு முறையை உருவாக்கி, 1835இல் புத்தகமாகவும் போட்டிருந்தார். கர்வன் அந்தப் புத்தகத்தை எடுத்தார். முதலில் தான் கற்றார். பிறகு ஊருக்குச் சொன்னார். டோ, ரே, மீ என்று ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைச்சைகை கொண்டுவந்தார்.

ஹங்கேரியின் இசைமேதை சோல்டான் கோடாய் தன் நாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் பாட வேண்டும் என்று கிளம்பினார். அவர் பெயரால் வழங்கும் முறைக்குள் அதே கைச்சைகைகள் வந்து சேர்ந்தன. 1950இல் அங்கே கெச்கெமேட் என்ற ஊரில் பாட்டையே அன்றாடப் பாடமாக வைத்து ஒரு தொடக்கப் பள்ளி தொடங்கியது. இன்று எத்தனையோ நாடுகளில் பிள்ளைகள் கையை ஏற்றி இறக்கிச் சுரம் பாடுகிறார்கள்.

இசை படிக்காத ஒரு போதகர் போட்ட விதை! உங்களுக்கு இருப்பதைவிட அவருக்கு அதிகமாக என்ன இருந்தது?

உங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று யார் சொன்னது? தினமும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் என்ன பாடுகிறீர்கள்?

தமிழ்த்தாய் வாழ்த்து. மனோன்மணீயம் சுந்தரனார் எழுதி, எம்.எஸ்.விஸ்வநாதன் மெட்டமைத்த பாட்டு. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது அரசு என்ன சொன்னது? முல்லைப்பாணி என்கிற மோகன ராகத்தில், திஸ்ர தாளத்தில், 55 விநாடியில் பாட வேண்டும்.

மோகனம்! சபாவில் வித்வான்கள் நேரம் போவது தெரியாமல் விரிக்கிற ராகம். அதைத்தான் உங்கள் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் நின்று பாடிவிட்டு வகுப்புக்குள் வருகிறார்கள். வருடத்துக்கு இருநூறு நாள் மோகனம் பாடுகிற ஒருவர், எனக்கு ராகம் தெரியாது என்று சொல்லலாமா?

ஐந்தே சுரம் அதற்கு. ச ரி க ப த. மத்தியமம் கிடையாது, நிஷாதம் கிடையாது.

கண்ணால் பார்க்க வேண்டுமா? கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஏதாவது ஒரு கீபோர்டு செயலியைத் திறங்கள். கறுப்புக் கட்டைகள் இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் சேர்ந்திருக்கும். மூன்று சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டையில் விரலை வையுங்கள். அங்கிருந்து வலப்பக்கமாக ஐந்து கறுப்புக் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள்.

கேட்டதா? மோகனம்! நாலரைக் கட்டை மோகனம்!

இப்போது ஒரு பிள்ளையை அழைத்து, "கறுப்பை மட்டும் தொடு, உன் இஷ்டத்துக்கு வாசி" என்று சொல்லுங்கள். எதைத் தொட்டாலும் அந்த ஐந்து சுரத்துக்குள்தான் இருக்கும். தப்பு என்று சொல்ல இடமே இல்லாத ஒரு பாடவேளை அது. அப்படி ஒரு பாடவேளை அந்தப் பிள்ளைக்கு இதுவரை வாய்த்திருக்கிறதா?

கர்வனின் சைகைகள் இந்த ஐந்துக்கும் கச்சிதமாகப் பொருந்தும். ச என்றால் இடுப்பளவில் மூடிய முஷ்டி. ரி என்றால் விரல் நுனி மேல்நோக்கிச் சாய்ந்த கை. க என்றால் மார்புக்கு நேராகக் கவிழ்த்த கை. ப என்றால் உள்ளங்கை உங்களைப் பார்த்து நிற்கும், கட்டைவிரல் மேலே இருக்கும். த என்றால் இன்னும் மேலே போய் விரல்கள் கீழே தொங்கும். கை ஏறினால் குரல் ஏறும், கை இறங்கினால் குரல் இறங்கும்.

ஐந்தும் ஒரே நாளில் வேண்டாம். ப, க இரண்டோடு தொடங்குங்கள். கோடாய் வழியில் சிறு பிள்ளைகளுக்கு அங்கிருந்துதான் தொடங்குவார்கள். ஒரு வாரம் அந்த இரண்டு போதும்.

குரல் எடுக்க இன்னும் கூச்சமா? சரி, கை இருக்கிறதல்லவா? தட்டுங்கள்!

தகிட, மூன்று. தகதிமி, நான்கு. தக தகிட, ஐந்து. தகிட தகதிமி, ஏழு. வாயால் சொல்லிக்கொண்டே மேசையில் தட்டுங்கள். உங்கள் வாய் சொல்லும், முப்பது வாய் திருப்பிச் சொல்லும்.

பிள்ளைகளின் பெயரையே தாளமாக்குங்கள். கவிதா என்றால் தகிட. மணிமாலா என்றால் தகதிமி. "உன் பேரு என்ன தாளம்?" என்று கேட்டுப் பாருங்கள். வருகைப் பதிவேடே பாட்டாகும்! தமிழ்த்தாய் வாழ்த்து திஸ்ரம் என்றேனே, வழிபாட்டில் நிமிர்ந்து அசையாமல் நின்று பாடுவது மரபு. வகுப்புக்குள் அதன் மெட்டை முணுமுணுத்துக்கொண்டு தகிட தகிட என்று எண்ணிப் பழக யார் தடுத்தார்கள்?

ஆதி தாளத்துக்கு வாருங்கள். எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. அவ்வளவுதான்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதைச் செய்வதைக் கிட்டே உட்கார்ந்து பாருங்கள். சுண்டுவிரல் வந்துவிடும். மோதிரவிரல் தனியாக வராது. அதோடு இரண்டு பக்கத்து விரலும் கூடவே கிளம்பும். பிள்ளை இடது கையால் அந்த விரலைப் பிடித்து இழுத்து வந்து தொடையில் வைக்கும். நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கும். கண் விரலை விட்டு நகராது. அதற்குள் வகுப்பு அடுத்த தட்டுக்குப் போயிருக்கும். பிள்ளை கவலைப்படாது. மறுபடி சுண்டுவிரலில் தொடங்கும்.

யார் யாருக்கு விடாமுயற்சி சொல்லிக்கொடுப்பது? விழுந்தாலும் அடுத்த தட்டில் எழுகிற ஆறு வயது அங்கே இருக்கிறது. ஒரு தரம் சுருதி தப்பினால் ஜென்மத்துக்கும் பாட மாட்டேன் என்கிற நாற்பது வயது இங்கே இருக்கிறது!

பாட்டுக்கு வருவோம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். காரணம் சின்னது.

"சத்தமாப் பாடுங்க!"

இந்த வார்த்தையை இன்றோடு விடுங்கள். பிள்ளைக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். கத்துகிற பிள்ளைக்கு அடுத்தவர் குரலும் கேட்காது, தன் சுருதியும் தெரியாது. வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகள் பாட்டைக் கிழிப்பதற்குப் பாதிக் காரணம் நாம் போடும் இந்த உத்தரவுதான். அதற்குப் பதில் இப்படிச் சொல்லுங்கள்: "பக்கத்துல நிக்கிறவங்க பாடுறது உன் காதுல விழணும். அந்த அளவுக்குப் பாடு." அடுத்த முறையே வித்தியாசம் தெரியும்.

ஆண் ஆசிரியர்களே, உங்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் குரல் கீழே கிடக்கிறது. பையனானாலும் பெண்ணானாலும் சிறு பிள்ளையின் குரல் மேலே இருக்கிறது. நீங்கள் அடிக்குரலில் எடுத்துக் கொடுத்தால் பிள்ளை எங்கே போகும்? உறுமும், இல்லையென்றால் நிறுத்திவிடும். நாம் உடனே, "இதுக்குப் பாட்டு வராது" என்று முத்திரை குத்திவிடுகிறோம்!

ஐந்தாம் வகுப்பில் நன்றாகப் பாடும் ஒரு பிள்ளையை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் சேர்ந்துகொள்ளுங்கள். யார் பாட்டை எடுக்கிறார்களோ அவர்கள் சுருதியில்தான் மொத்த வகுப்பும் நிற்கும். பெண் ஆசிரியர்களும் பாட்டைத் தொடங்கும் முன் அதன் உச்ச வரியை ஒருமுறை முணுமுணுத்துப் பாருங்கள். அந்த வரி எட்டினால் மீதி எல்லாம் எட்டும். ஒரு தம்புரா செயலியை இறக்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. காசு கேட்காதவை உண்டு.

இப்போது, என் மனதுக்கு மிக நெருங்கிய பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். எல்லா வகுப்பிலும் ஒருவன் இருப்பான். பாட்டு ஏறினாலும் இறங்கினாலும் ஒரே இடத்தில் நின்று முனகுவான். ஆண்டு விழா வந்தால் முதலில் வெளியே அனுப்பப்படுகிறவன் அவன்தான்.

அனுப்பாதீர்கள்! உங்களை அனுப்பியது மறந்துவிட்டதா?

அவன் பக்கத்தில் உட்காருங்கள். "ஊ" என்று அவனுக்கு வசதியான சத்தம் ஒன்றைப் பிடித்து நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் சுருதிக்கு அவனை இழுக்காமல், அவன் சுருதிக்கு நீங்கள் போங்கள். இரண்டு குரலும் ஒன்றோடொன்று ஒட்டும் ஒரு நொடி வரும். அவன் முகம் மாறும். அப்படி ஓர் ஒட்டுதலை அவன் காது இதற்கு முன் அறிந்ததில்லை. அங்கிருந்து இருவரும் சேர்ந்து மெதுவாக மேலே போங்கள், குயில் கூவுவதைப்போல. இறங்குங்கள். மறுநாளும் அதையே செய்யுங்கள்.

வாரக்கணக்கில் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம். ஆகட்டுமே! நன்றாகப் பாடும் இரண்டு பேருக்கு நடுவில் அவனை நிறுத்துங்கள். அவர்கள் குரல் அவன் இரண்டு காதிலும் விழட்டும். ஓரத்தில் மட்டும் தள்ளாதீர்கள்.

இன்னொரு பிள்ளை பேசும்போது திக்கும். வாசிக்கச் சொன்னால் வியர்த்துப்போகும். திக்குகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் பாடும்போது திக்குவதில்லை. பேச்சுப் பயிற்சியாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த உண்மை இது. தடையில்லாமல் ஒரு முழு வரி தன் வாயிலிருந்து வருவதை அந்தப் பிள்ளை கேட்க வேண்டாமா? அந்த வாய்ப்பை உங்கள் கூச்சத்துக்காக மறுப்பீர்களா?

கருவி இல்லையா? கொட்டாங்குச்சி இரண்டு. தண்ணீர் பாட்டிலுக்குள் ஒரு பிடி புளியங்கொட்டை. முடிந்தது!

நாலு, ஐந்தாம் வகுப்புக்குக் கண்ணாடி டம்ளர்கள் போதும். வேறுவேறு அளவில் தண்ணீர் ஊற்றிப் பென்சிலால் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். தண்ணீர் கூடினால் சுரம் இறங்கும். காலி பாட்டில் வாயில் ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே தண்ணீர் கூடினால் சுரம் ஏறும். ஏன் இப்படித் தலைகீழாக நடக்கிறது? பதில் சொல்லிவிடாதீர்கள். சண்டை போட்டுக்கொள்ளட்டும். ஒன்றில் டம்ளரும் தண்ணீரும் அதிர்கின்றன, மற்றதில் உள்ளே இருக்கும் காற்று அதிர்கிறது என்று அவர்களே வந்து சேரட்டும். ஜலதரங்கம் என்று பீங்கான் கிண்ணங்களில் கச்சேரியே உண்டு என்று பிறகு சொல்லுங்கள்.

பாட்டு எங்கே கிடைக்கும் என்று தேடுகிறீர்களா? பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் பாருங்கள். நடவு நட்ட பாட்டிகள் இருக்கிறார்கள். கும்மிப் பாட்டு, தாலாட்டு, விளையாட்டுப் பாட்டு தெரிந்த அம்மாக்கள் இருக்கிறார்கள். சத்துணவு ஆயாவைக் கேட்டுப் பார்த்தீர்களா? கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் அழ.வள்ளியப்பாவும் பிள்ளைகளுக்காகவே எழுதிக் குவித்திருக்கிறார்கள். படிக்கும்போதே மெட்டு தானாக வந்து உட்காரும் சந்தம்!

ஊரில் பறை அடிக்கிறவர் இருப்பார். நாதஸ்வரமோ தவிலோ வாசிக்கிறவர் இருப்பார். ஒரு வெள்ளிக்கிழமை அவரைப் பள்ளிக்கு அழையுங்கள். நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். "இவர்தான் இன்றைக்கு உங்களுக்கு ஆசிரியர்" என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எல்லாருக்கும் கொடுக்கிற டம்ளரில் தேநீர் கொடுங்கள். அவருடைய பேரப்பிள்ளை உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். அன்றைக்கு அந்தப் பிள்ளை எவ்வளவு நிமிர்ந்து உட்காரும் என்று நீங்களே பாருங்கள்.

"எமிஸ் பதிவேற்றவே நேரமில்லை. எண்ணும் எழுத்தும் முடிக்கணும். இதுல பாட்டு வேறயா?"

பத்து நிமிடம்! ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்! மத்தியானம் சாப்பிட்டு வந்து பிள்ளைகள் கண் சொருகுகிற நேரம் இருக்கிறதே, அப்போது எதை நடத்தினாலும் ஏறாது என்று உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தை எடுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஒரு மணி நேரத்தைவிடத் தினம் பத்து நிமிடம் பிள்ளையின் காதில் தங்கும். ஐந்து வகுப்பும் ஒரே அறையில் இருந்தால் இன்னும் நல்லது. பெரியவன் தாளம் போட, சின்னவள் பாடட்டும். ஐந்து வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்து வேறெந்தப் பாடத்தை இவ்வளவு சுலபமாக நடத்த முடியும்?

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பாட்டு பாடினால் கணக்கு வரும், மூளை வளரும் என்று சொல்லி இசையை விற்காதீர்கள். 1993இல் மொசார்ட் இசையைக் கேட்ட கல்லூரி மாணவர்கள் ஒருவகைப் புதிர்களைக் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள் என்று ஓர் ஆய்வு வந்தது. அந்தப் பலன் கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. அதை வைத்துக் குழந்தைகளுக்கான கேசட் வியாபாரமே நடந்தது! பிள்ளை பாட வேண்டும் என்பதற்கு வேறு காரணம் எதற்கு? பாட்டு அதன் உரிமை. போதாதா?

ஆண்டு விழாவைப் பற்றியும் வாய் திறந்தே ஆக வேண்டும். ஆளுயர ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு. பிள்ளைகள் வாடகை உடையில் ஆடுகிறார்கள். ஊரே கைதட்டுகிறது. சினிமாப் பாட்டின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு பிள்ளையின் குரலாவது யார் காதிலாவது விழுந்ததா? ஸ்மார்ட் டி.வி.யில் பாட்டு ஓட, பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிற வகுப்பும் இதேதான். டி.வி. பாடுகிறது, பிள்ளை பாடவில்லை! அணையுங்கள் அதை. நீங்கள் பாடுங்கள். உங்கள் கரகரத்த குரலுக்கு அவர்கள் பதில் பாடுவார்கள். டி.வி.க்கு யார் பதில் பாடுவது?

முதல் நாள் சொதப்பும். சந்தேகமே வேண்டாம். தாளம் ஓடும். ஒருவன் கொட்டாங்குச்சியால் இன்னொருவன் தலையில் தட்டுவான். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்ப்பார். ஹெச்.எம். "என்ன சார் இரைச்சல்?" என்பார். உங்கள் குரல் நடுவில் உடையும்.

அன்றைக்கு ராத்திரி, "இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். அதே பழைய மாமாவின் குரல்! இந்த முறை அதற்குப் பணிவீர்களா?

மறுநாளும் போங்கள். மரத்தடிக்குப் போங்கள். அதே பாட்டை, அதே பத்து நிமிடம். ஹெச்.எம்.மையும் தாளம் போட அழையுங்கள். "உங்களுக்கு வரும் சார், வாங்க" என்று சொல்லுங்கள். அவரையும் யாரோ ஒரு நாள் வாயை மூடச் சொல்லியிருப்பார்கள்.

இரண்டு வாரம் முடிந்தபின் கவனித்துப் பாருங்கள். கைகழுவும் குழாயடியில் யாரோ தகிட சொல்வது கேட்கும். புத்தகப்பை தூக்கும்போது ஒருத்தி முணுமுணுப்பாள். யாரும் சொல்லாமல், மதிப்பெண் இல்லாமல், பிள்ளைகள் தாங்களாகப் பாடுவார்கள். எந்தப் பாடத்துக்கு இது நடந்திருக்கிறது?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு உங்களோடு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இல்லை. வருகிற ஏப்ரலோடு அது மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விடும். போகிற பள்ளியில் பாட்டு இருக்குமா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆகவே நாளைக்கே ஐந்தாம் வகுப்பிலிருந்து தொடங்குங்கள். எந்தப் பாட்டு என்பதை இன்று இரவே முடிவு செய்யுங்கள்!